பா என்றால் வேண்டாம்

கார்குழலிக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது முதலியார்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க அறிந்த சங்கதி. தெரியாது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. புதுச்சேரியில் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்பது பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அவளும் எடுத்தாள். பாடம் பாடமாக, கமா, புள்ளி எல்லாம் சேர்த்து நெட்டுருப் போட்டாள். பரீட்சையில் அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. அத்தனையிலும் அவள் அர்த்தம் தெரிந்து சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: 'ழெ ந சே பா.' எனக்குத் தெரியாது என்று பொருள்.

பெண் பார்க்க வந்த அன்று அவள் வீட்டார் இந்த மார்க் கதையை அவிழ்த்துவிட, மாமியார் கன்னியம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நகையைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பேசியதில்லை. "எங்க மருமவ பிரெஞ்சு படிச்சவ" என்று ரேஷன் கடை வரிசையில் ஆரம்பித்தால் சர்க்கரை வாங்கி முடிக்கும் வரை ஓடும். தெருக்கோடியில் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு அம்மா ஒருநாள் கார்குழலியை வழியில் நிறுத்தி அந்த பாஷையில் என்னவோ கேட்டே விட்டாள். கார்குழலி 'வி, வி' என்று தலையாட்டிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடி வந்தவள்தான். அன்றிலிருந்து சுற்றுவழியாக அடுத்த தெருவில் புகுந்துதான் கடைக்குப் போகிறாள்.

புளுகு என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்கும் நாள் வந்தபோது மாட்டிக்கொண்டாள்.

வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆவணியில் திரும்பி வந்து பார்த்தால், கல்யாணத்துக்கு வந்த கட்டில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கட்டில் இருந்த இடத்தில் அலுமினியச் சட்டமும் இரும்புத் தண்டும் மோட்டாருமாக ஒரு மேசை. பெண்டாட்டியைப் பிரிந்த வருத்தத்தில் சிலம்பரசன் செய்து வைத்த வேலை அது.

"நீ இல்லாம போரடிச்சுது, குழலி. சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்போல இருந்துச்சு. அதான்" என்றான்.

புடவை வாங்கி வைத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. தன்னை நினைத்து ஒருவன் கட்டிலைக் கழற்றிவிட்டு மெஷின் கட்டுகிறான் என்றால் அது சாதாரண ஆசையா! வேறு எவளாயிருந்தாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பாள். இவள் மெஷினுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள்.

சிலம்பரசனுக்கு அரியாங்குப்பத்தில் ஒரு போர்டு கடையில் வேலை. கடைப் பெயர்ப் பலகைகளுக்குப் பிளைவுட்டில் எழுத்து வெட்டுவான். கையால் அறுப்பது. நேர்கோடு எழுத்தெல்லாம் சுலபம். 'ஞ'வும் 'ணை'யும் வந்தால் உயிரை வாங்கும். கம்ப்யூட்டரில் எழுத்தைக் கொடுத்தால் மெஷின் தானாக நகர்ந்து அதே வளைவில் வெட்ட வேண்டும், அப்படி ஒன்று வீட்டிலேயே கட்டிவிட்டால் சொந்தமாகத் தொழில் பார்க்கலாம் என்பது அவன் கனவு. எலும்பும் சதையும் தயாராகிவிட்டது. மூளைதான் வர வேண்டியிருந்தது.

அந்த மூளை பிரான்சிலிருந்து பார்சலில் வந்தது. அனுப்பியவன் வெற்றிச்செல்வன், சிலம்பரசனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தாத்தா சொல்தா என்பதால் அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது, அங்கேயே போய்விட்டான். அங்கே இம்மாதிரி மெஷின்களை வீட்டிலேயே கட்டும் ஆட்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் கழற்றி வைத்த செட் ஒன்றைக் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தான்.

பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு மோஷன் கன்ட்ரோலர். எந்த மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று கணக்குப் போடுவது அது. கூடவே ஒரு பிரேக்கவுட் போர்டு. அந்தக் கணக்கை வாங்கி மோட்டாருக்கு மோட்டார் தனித்தனி ஒயராகப் பிரித்துக் கொடுப்பது இது. மூன்று மோட்டாருக்கும் ஆளுக்கொரு டிரைவர் பெட்டி. எல்லாவற்றிலும் ஒயர் மாட்டும் இடத்தில் கிளப்காரர்கள் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். எல்லாம் பிரெஞ்சு.

சிலம்பரசன் முகத்தில் கொஞ்சமும் கவலை இல்லை. அவன்தான் பிரெஞ்சு படித்தவளைக் கட்டியவன் ஆயிற்றே.

"குழலி! இங்க வாயேன். ஒனக்குதான் வேலை."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து நேரம் கடத்திப் பார்த்தாள். கன்னியம்மாள் முறத்தை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், மருமகள் பிரெஞ்சு படிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

முதல் சீட்டில் VALID என்று இருந்தது. கார்குழலிக்கு உயிர் வந்தது. "செல்லும்னு போட்டிருக்கு. அங்க ஒயர் குடுங்க." கொடுத்தான்.

அடுத்தது SENS. "சென்ஸ். அறிவு."

"அறிவா? அங்க ஒயர் குடுக்கணுமா, வேணாமா?"

"அறிவுக்கு ஒயர் குடுக்காம எப்படிங்க?"

அதுவும் சரிதான் என்று அதற்கும் கொடுத்தான். அடுத்தது MASSE. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சர்ச்சில் பூசைக்கு 'மெஸ்' என்பார்களே, அதுவாக இருக்குமோ? "பூசை" என்றாள், தைரியமாக.

"போர்டுல எதுக்கு பூசை?"

"வெளிநாட்டுக்காரனுக்கும் சாமி பயம் இருக்காதாடா?" என்று கன்னியம்மாள் மருமகளுக்கு வக்காலத்து வாங்கினாள். எழுந்து போய்க் குங்குமம் கொண்டுவந்து பெட்டி மூடியில் ஒரு பொட்டும் வைத்தாள். நல்லவேளை, அந்த இடத்துக் கம்பி பவர் சப்ளையின் மைனசோடு சேர்ந்திருப்பதை சிலம்பரசனே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டான். சாமியும் மைனசும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதை முடித்துவிட்டான்.

கடைசியாக ஒரு சீட்டு. PAS.

"இது பாஸா? அப்போ பெயிலு எங்க?" என்று சிரித்தான்.

"பாஸ் இல்லைங்க. பா. கடைசி எஸ்ஸுக்குச் சத்தம் கெடையாது." இதைச் சொன்னபோது கார்குழலியின் குரலே மாறிவிட்டது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வார்த்தை! அவளுக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தின் வாலில் இருக்கும் அதே பா. "பான்னா இல்ல, வேணாம்னு அர்த்தம். இங்க ஒயர் மாட்டக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"போர்டுலயும் இருக்கு, டிரைவர்லயும் இருக்கு. ரெண்டு பக்கமும் வேணாம்னா, அப்புறம் எதுக்கு அங்க ஸ்க்ரூ வச்சிருக்கான்?"

"கரண்டு கம்பத்துல தொடாதேன்னு எழுதி வைக்கல? அதுக்காகக் கம்பம் சும்மாவா நிக்குது?"

"அதானே" என்றான். பெண்டாட்டியின் அறிவை எண்ணிப் பூரித்துப் போய், மூன்று மோட்டாருக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒயர் இல்லாமல் விட்டான். புத்திசாலித்தனமாகப் பேசிக் கெடுப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்திருக்கும், தெரிகிற ஆள் யாராவது இருந்திருந்தால்.

கரண்ட் கொடுத்தார்கள். மூன்று மோட்டாரும் 'உம்ம்ம்' என்றன. கன்னியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சிலம்பரசன் கம்ப்யூட்டரில் தட்டினான். திரையில் எண்கள் ஓடின. பத்து, இருபது, ஐம்பது, நூறு என்று திரை தன்பாட்டுக்கு அரியாங்குப்பம் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் முடியளவும் நகரவில்லை. கையால் சுற்றிப் பார்த்தான். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மாதிரி இறுகி நின்றது.

பிரித்தான், மாட்டினான். ரிப்பன் கேபிளை மாற்றினான். வெற்றிச்செல்வனுக்கு மெயில் போட்டான், பதிலே இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்த நாடே வீட்டைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுமாம். கார்குழலிக்கும் உள்ளூர உறுத்தியது. காய் வாங்கப் போகிற சாக்கில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பிரெஞ்சை இங்கிலீஷாக மாற்றும் பக்கத்தில் அந்த மூன்று எழுத்தைத் தட்டிப் பார்த்தாள். 'நாட்' என்று வந்தது. நாட் என்றால் இல்லை. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது! நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். நடுவில் ஷார்ஜா வந்துவிட்டது.

சிலம்பரசனின் அக்கா துர்கா கதிர்காமத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் அரிகிருஷ்ணன் ஷார்ஜாவில் ஃபோர்மேன், லீவில் வந்திருந்தார். தங்கமான மனிதர், ஆனால் எதிரே இருப்பவரின் வாழ்க்கையை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். மச்சினனுக்குத் தன் கம்பெனியிலேயே விசா பார்த்துவிட்டார். "பலகை அறுத்து எந்தக் காலத்துலடா முன்னுக்கு வருவ? ரெண்டே வருஷம். என்னோட கெளம்பு" என்றார்.

பெரியவர் பேச்சை நேருக்கு நேர் தட்ட முடியாமல் சிலம்பரசன் ஒரு பந்தயம் வைத்தான். "மாமா, ஞாயித்துக்கிழம நீங்க சாப்பிட வர்றீங்கல்ல? அதுக்குள்ள இந்த மெஷினு ஒரே ஒரு கோடு போட்டுச்சுன்னா நான் வரல. போடலைன்னா பாஸ்போர்ட்ட எடுத்துக்குனு போங்க."

ரெண்டே வருஷம்! ஆடி மாதம் ஒன்று போவதற்கே கார்குழலிக்கு யுகம் ஆனது. இதில் இருபத்து நாலு ஆடி. அவளுக்கு அவன் வேண்டும், இங்கேயே வேண்டும், கட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மெஷினை அவள் சாமி கும்பிடுவதுபோல் கும்பிட்டாள். அது 'உம்ம்ம்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு முழுக்க சங்கரா மீன் குழம்பு வாசனை. துர்காவோடு வந்த அரிகிருஷ்ணன் வந்ததும் வராததுமாக மெஷினைச் சுற்றி ஒரு வலம் வந்தார். திரும்பிப் போக டிக்கெட் போட ஏஜெண்டிடம் கொடுக்கத் தன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மச்சினனுடையதும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு.

வெட்டும் கருவி இருக்க வேண்டிய இடத்தில் சிலம்பரசன் ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டியிருந்தான். கீழே பழைய காலண்டர் தாள். தட்டினான். திரையில் எண்கள் பறந்தன. மோட்டார் உம்மென்று நின்றது. மறுபடி தட்டினான். மறுபடியும் உம். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைக் கார்குழலி பார்த்தாள்.

"சரி வுடு. எட்றா பாஸ்போர்ட்ட" என்றார் அரிகிருஷ்ணன்.

கன்னியம்மாள் பீரோவைத் திறந்து எடுத்துவந்து மேசை ஓரத்தில் வைத்தாள். அதன் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை. அழுதுவிடுவாளோ என்று பயந்து, அரிகிருஷ்ணன் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"ஏம்மா குழலி, நீதானே படிச்சிச் சொன்ன? நெசமாவே பிரெஞ்சு படிச்சியா, இல்ல பிரெஞ்சு ரொட்டி தின்னியா?"

கேலிதான். ஆனால் கன்னியம்மாளுக்குச் சுருக்கென்றது. மகன் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், மருமகள் படிப்பைக் குறை சொன்னால் விடுவாளா? "இன்னா மாப்ள இப்படிக் கேட்டுட்டீங்க! குழலி, நீ பேசிக் காட்டு. அவரு காதால கேக்கட்டும்!"

கார்குழலி வாயைத் திறந்தால் அழுகை வரும்போல இருந்தது. அதற்குப் பதில் பிரெஞ்சு வந்தது. குடும்பம் என்ற பாடம், முதல் வரியிலிருந்து, ரயில் மாதிரி.

"பப்பா லி ல ழூர்னால். மமான் ஃபே லா குயிஸீன். பெபே ஃபே சே ப்ரமியே பா..."

நின்றுவிட்டாள்.

பா.

பாடப் புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். ஜட்டி போட்ட குண்டுக் குழந்தை ஒற்றைக் காலைத் தூக்கியபடி தள்ளாடும். எதிரே அதன் அம்மா இரண்டு கையையும் நீட்டியிருப்பாள். அந்தக் குழந்தையிடம் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நடந்துகொண்டிருந்தது. முதல் முதலாக!

"அடி!" என்று கத்தினாள் கார்குழலி. "அடி! அடி! ஏங்க, அடிங்க அது!"

"யாரடி அடிக்கணும்?" என்று திடுக்கிட்டான் சிலம்பரசன்.

அரிகிருஷ்ணன் ஓரடி பின்வாங்கிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா!"

"ஐயையோ, மாப்ளைய கை நீட்டிப்புடாதடா!" என்று கன்னியம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

கார்குழலி உண்மையைச் சொன்னால் இத்தனை மாதமாக மாமியார் தலையில் தூக்கி வைத்து ஆடிய பெருமை இந்த மீன் குழம்பு வாசனையோடு காற்றில் போகும். சொல்லாவிட்டால் அந்த மேசை ஓரத்தில் இருப்பது ஷார்ஜா போகும். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் இன்னமும் அவள்மேல் இருந்த நம்பிக்கை அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு பெருமையாவது ஒன்றாவது!

"நான் சொன்னது தப்புங்க. பான்னா வேணாம் இல்ல. அதுக்கு அடின்னும் ஒரு அர்த்தம் இருக்கு. கொழந்த அடியெடுத்து வைக்குதே, அந்த அடி. எனக்கு பிரெஞ்சு தெரியாது அத்தை. ஒரு வரிகூடத் தெரியாது. எல்லாம் மனப்பாடம் பண்ணது."

மோட்டார்கள் மட்டும் உம் கொட்டின.

"அடி..." என்றான் சிலம்பரசன். "அடின்னா ஸ்டெப்பு." திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். "ஸ்டெப்பர் மோட்டாருடி இது! ஒரு அடி போ, ஒரு அடி போன்னு கம்ப்யூட்டரு சொல்லச் சொல்லத்தான் நகரும். அது சொல்ற ஒயரையே நாம குடுக்கல!" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

கார்குழலி மாமியாரைப் பார்க்கப் பயந்தாள். கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்துச் சீறினாள். "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு ஊரே சொல்லுது. அடியே குடுக்காம நகரு நகருன்னா அது எப்படிடா நகரும்? இதுக்கு பிரெஞ்சு வேற தெரியணுமா? சீக்கிரம் மாட்டுடா!"

கரண்டை நிறுத்தி, மூன்று ஒயரை வெட்டி, போர்டின் PAS-இலிருந்து டிரைவரின் PAS-க்கு ஒவ்வொன்றாக முறுக்கினான். கார்குழலி டார்ச் அடித்தாள். அவள் எட்டி எட்டிப் பார்த்ததில் வெளிச்சம் ஸ்க்ரூவைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. மறுபடி கரண்ட். தட்டினான்.

ட்ர்ர்ர்ர்ர்.

பேனா நகர்ந்தது. காலண்டர் தாளில் சிவப்பாக ஒரு கோடு, ஆட்டம் இல்லாமல், கோணல் இல்லாமல், ஓடிக்கொண்டே போனது. கார்குழலி கூவிய கூவலில் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையோடு ஓடி வந்துவிட்டாள். சிலம்பரசன் பெண்டாட்டியை அம்மா முன்னாலேயே இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கன்னியம்மாள் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திச் சிரித்தாள். அடுத்து வட்டம் போடச் சொன்னான், போட்டது. 'ஞ' போடச் சொன்னான். அத்தனை வருஷமாக அவன் உயிரை வாங்கிய எழுத்தை அது வழுக்கிக்கொண்டு போட்டு முடித்தது. சந்தோஷம் தாங்காமல் கார்குழலிக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அரிகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு வாட்டி போடுறா." போட்டான். "நான் தட்டட்டுமா?" தட்டினார். பேனா கிளம்பியதும், தெருவில் பம்பரம் விடும் பையன் மாதிரி முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. துர்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை.

"ஜெயிச்சிட்டடா. ஒத்துக்கறேன்" என்றார், கண்ணைப் பேனாவிலிருந்து எடுக்காமல். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னார்: "வீட்டுலயே இப்படி ஒரு வேல இருந்தா எவன்டா அங்க போவான். ஏசி ரூம்ல எட்டு பேரு படுத்துக்குனு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம போன்ல கொழம்பு வாசன புடிச்சிக்குனு..."

தான் சொன்னதைக் கேட்டு அவரே திகைத்துப்போய், மேசை ஓரத்தில் இருந்த மச்சினனின் பாஸ்போர்ட்டை எடுத்து மாமியாரிடம் நீட்டினார். "அத்தை, இத பீரோலயே வச்சிடுங்க."

சாப்பாட்டுத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள் துர்கா. தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அவரு சட்டப் பையில இன்னொண்ணு இருக்கு. அதையும் சேத்து வச்சிப் பூட்டு."

அரிகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். பேனா அந்த 'ஞ'வின் கடைசி வளைவைப் போட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையில் கைவிட்டு எடுத்து, மாமியார் கையில் வைத்தார்.